லைசென்ஸ் இல்லை, ஹெல்மெட் இல்லை: அதனால் எதிராளி மேல் தப்பு குறைந்துவிடுமா?

ஓவர்லாக் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 22 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறான். ஒன்றரை மாதம் முன்னால் ராத்திரி ஷிப்ட் முடித்து பைக்கில் பல்லடம் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு கார் சென்டர் மீடியன் இடைவெளியில் இண்டிகேட்டர்கூடப் போடாமல் யு-டர்ன் அடித்து இவன் குறுக்கே வந்து நின்றுவிட்டது. பிரேக் அடித்தும் நிற்கவில்லை, காரின் முன்கதவில் போய் இடித்தான். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்து ஏழு ஸ்குரூ போட்டிருக்கிறார்கள். மெஷின் பெடலை மிதிக்கிற கால் அது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை.

இப்போது இவன் பக்கத்துத் தப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) தான் இருந்தது, எல் போர்டு ஒட்டவில்லை. ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கியது. பின்னால் இரண்டு பேர், அதாவது ட்ரிபிள்ஸ். (அவர்களில் ஒருவனுக்கு மணிக்கட்டு முறிவு, இன்னொருவனுக்குச் சிராய்ப்பு.)

எஃப்ஐஆர் கார் ஓட்டியவர் மேல்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் ஒருவர் வார்டுக்கே வந்து, "மூன்று சட்டத்தை மீறியிருக்கிறான் உங்கள் தம்பி, கோர்ட்டுக்குப் போனால் பாதிகூட வராது, இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா பயந்துபோய் கையெழுத்துப் போடலாம் என்கிறார். சட்டத்தை மீறினாலே விபத்துக்கும் நாம்தான் காரணம் என்று ஆகிவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருப்புக்கோட்டு

முதலில் அப்பாவிடம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

ஈரோடு பக்கம் ஒன்பது வருஷமாக எம்சிஓபி கேஸ் (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) பார்க்கிறேன். வார்டில் அவர் சொன்னதை இன்சூரன்ஸ் கம்பெனிகள் போடுகிற எல்லா எதிருரையிலும் (பதில் மனு) பத்தியாகவே படிக்கலாம், பெயரும் தேதியும் மட்டும் மாறும். ஹெல்மெட் போடாததற்கு 1000 ரூபாய் அபராதம், லைசென்ஸ் இல்லாததற்கு 5000 என்பதெல்லாம் உங்கள் தம்பிக்கும் போலீசுக்கும் இடையே உள்ள கணக்கு. விபத்து யாருடைய அஜாக்கிரதையால் நடந்தது என்பது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பார்க்கிற வேறு கணக்கு. முதல் கணக்கில் தப்பு செய்தவர் இரண்டாவதிலும் தானாகத் தப்பு செய்தவராகிவிட மாட்டார். இடையில் ஒரு சங்கிலி வேண்டும்: அந்த மீறல் விபத்தை உண்டாக்கியதா, அல்லது காயத்தைப் பெரிதாக்கியதா? இதை நிரூபிக்க வேண்டியது அப்படிச் சொல்கிற இன்சூரன்ஸ் கம்பெனி.

லைசென்ஸ் விஷயத்தை 2008-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் டூவீலர் ஓட்டிய சிறுவன் ஒருவனின் வழக்கு அது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது குற்றம், ஆனால் அதை மட்டும் வைத்து விபத்துக்கு அவனும் பொறுப்பு என்று சொல்லிவிட முடியாது என்றார்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவனிடம் அட்டை இல்லாமல் இருக்கலாம், அட்டை வைத்திருப்பவன் கண்ணை மூடிக்கொண்டு திருப்பலாம்.

ட்ரிபிள்ஸுக்கு 2020 ஜனவரி தீர்ப்பு இருக்கிறது. டெல்லியில் மூன்று பேர் போன பைக்கைப் பின்னால் வந்த கார் இடித்து, பில்லியனில் இருந்த 23 வயது இளைஞர் இறந்துபோனார். மூன்று பேர் போனது தப்பு என்று உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் 10 சதவீதம் பிடித்தது. உச்ச நீதிமன்றம் அந்தப் பிடித்தத்தை எடுத்துவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நம்ம ஊர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். மூன்று பேர் உட்கார்ந்தது சட்டமீறல்தான், ஆனால் அதற்கும் மோதலுக்கும், அல்லது அதற்கும் காயத்துக்கும் தொடர்பு காட்டாமல் பிடிக்கக்கூடாது என்பதுதான் சாரம். பாரம் தாங்காமல் பைக் தள்ளாடியது, அதனால்தான் இடித்தது என்று சாட்சி இருந்தால் கதை வேறு.

ஹெல்மெட் இன்னும் எளிது. தம்பிக்கு முறிந்தது கால். ஹெல்மெட் போட்டிருந்தால் கால் முறியாமல் இருந்திருக்குமா? தலைக்காயமாக இருந்தால் நான் இவ்வளவு தைரியமாகப் பேச மாட்டேன். அதில் பத்து, பதினைந்து சதவீதம் கழித்த தீர்ப்புகளும் உண்டு, கழிக்க மறுத்த தீர்ப்புகளும் உண்டு.

இன்னொரு குழப்பம் வீட்டுக்கு வீடு இருக்கிறது: "லைசென்ஸ் இல்லையென்றால் இன்சூரன்ஸ் வராது" என்பது. அது இன்சூர் செய்த வண்டியை ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாதபோது வருகிற பேச்சு. அங்கேகூட அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூல் செய்துகொள் என்று உத்தரவு போடுவது வழக்கம், 2004-இலிருந்து அப்படித்தான். நீங்கள் கேட்பது காரின் பாலிசியில். கார்க்காரரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்றுதான் அவர்கள் பார்க்க வேண்டும்.

நைட்ஷிப்ட்

கருப்புக்கோட்டு சார் சொன்னதன் மறுபக்கத்தை நான் அனுபவித்திருக்கிறேன்.

எட்டு வருஷம் முன்னால் ஒரு பைபாஸில், ராத்திரி ஒரு மணி இருக்கும், அமாவாசைக்கு முந்தின நாளோ என்னவோ கும்மிருட்டு, மாமாவின் ஆம்னி வேனில் காய்கறி ஏற்றிக்கொண்டு போகிறோம், நான் பக்கத்து சீட்டில் அரைத்தூக்கத்தில் இருக்கிறேன், மாமா "அய்யோ" என்றார், அவ்வளவுதான். டயர் பஞ்சராகி ரோட்டிலேயே நின்ற லாரி. பார்க்கிங் லைட் இல்லை, முக்கோணப் பலகை இல்லை, பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய சிவப்பு ஸ்டிக்கர் மேல் முழுக்கச் சேறு. நாலு கல்லையும் ஒரு வேப்பங்கொப்பையும் எடுத்து வைத்திருந்தார்கள், அதுவும் லாரிக்கு மூன்றடி பின்னால்.

எஃப்ஐஆர் மாமா மேல்தான் போட்டார்கள், ஏனென்றால் போய் இடித்தது நாங்கள். கேஸில் எங்கள் வக்கீல் எம்விஐ (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். லாரியின் பின்விளக்கு வயரே அறுந்து கிடந்தது என்று அதில் எழுதியிருந்தது. கடைசியில் லாரி மேல் 70, மாமா மேல் 30 என்று பிரித்தார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்த்து நிறுத்தும் வேகத்தில்தான் ஓட்டியிருக்க வேண்டும் என்று அந்த 30.

வேடிக்கை என்னவென்றால் லாரிக்கு ஃபிட்னஸ் சான்றிதழும் காலாவதியாகியிருந்தது. நாங்கள் அதுதான் பெரிய துருப்புச்சீட்டு என்று குதித்தோம். நீதிபதி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சான்றிதழ் இருந்திருந்தால் இருட்டில் லாரி தெரிந்திருக்குமா என்று ஒரு கேள்வி கேட்டார், எங்கள் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். விளக்கு எரியாததுதான் எங்களைக் காப்பாற்றியது.

எதிர்க்கட்சி

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்களே, ஒருவராவது மாற்றிப் பேச வேண்டாமா.

லைசென்ஸ் இல்லை, மூன்று பேர், ஹெல்மெட் இல்லை. இப்படி ஓட்டுகிறவருக்கு முழு இழப்பீடும் கிடைக்கும் என்றால் ஒழுங்காக ஓட்டுகிறவன் என்ன முட்டாளா? அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, நாம் எல்லாரும் கட்டுகிற பிரீமியம்தானே. எல்எல்ஆர் வைத்திருப்பவன் பின்னால் இரண்டு பேரை ஏற்றியிருக்கிறான் என்றால் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று யோசியுங்கள். நானும் பைக் ஓட்டுகிறவன்தான், இரண்டு பேர் பின்னால் இருந்தால் வண்டி நிற்கிற தூரம் எவ்வளவு கூடும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் கருப்புக்கோட்டு 2008, 2020 என்று தீர்ப்பு சொல்கிறார். 2025 ஜூலையில் வந்த கோவை வழக்கை ஏன் சொல்லவில்லை? அதில் லைசென்ஸ் இல்லாத மாணவருக்கு 20 சதவீதம் பிடித்தார்களே.

கருப்புக்கோட்டு

நல்ல கேள்வி, நிஜமாகவே. அந்தத் தீர்ப்பை இன்சூரன்ஸ் வக்கீல்கள் இப்போது கையில் வைத்துக்கொண்டுதான் அலைகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

2017 ஜனவரி 7. கோவையில் பொறியியல் படிக்கும் மாணவர் பைக்கில் போகிறார். முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் திடீரென்று நிற்கிறது. கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வந்தது, அதனால் நிறுத்தினேன் என்றார் கார்க்காரர். மாணவர் காரின் பின்னால் இடித்து ரோட்டில் விழ, பின்னால் வந்த பஸ் காலில் ஏறியது. இடது காலை எடுக்கும்படி ஆகிவிட்டது.

தீர்ப்பாயம் கார்க்காரர் மேல் தப்பே இல்லை என்றது. பஸ் 80, மாணவர் 20. உயர் நீதிமன்றம் கார் 40, பஸ் 30, மாணவர் 30 என்று மாற்றியது. உச்ச நீதிமன்றத்தில் கார் 50, பஸ் 30, மாணவர் 20 ஆனது. மொத்தம் 1.14 கோடிக்குக் கணக்கிட்டு, 20 சதவீதம் போக 91 லட்சத்துச் சொச்சம் கொடுக்கச் சொன்னார்கள். வேகமாக வண்டிகள் வரும் ரோட்டில் நிறுத்துகிறவர் பின்னால் வருகிறவருக்குச் சைகை காட்டியிருக்க வேண்டும், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பது அதற்குச் சமாதானம் ஆகாது என்பது அதன் முக்கியமான பகுதி.

மாணவர் பக்கம் இரண்டு குறை எழுதியிருக்கிறார்கள்: முன்வண்டியிலிருந்து போதிய இடைவெளி விடவில்லை, செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை. எதிர்க்கட்சி சொல்வது போல லைசென்ஸும் அந்த வரியில் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அவர் முன்னால் போன காரின் பின்பக்கத்தில் இடித்திருக்கிறார். இடைவெளி விட்டிருந்தால் இடித்திருக்க மாட்டார். என் வாசிப்பில் 20 சதவீதத்தைத் தாங்கி நிற்பது அந்த இடைவெளிதான், லைசென்ஸ் கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓவர்லாக் தம்பியின் கதையில் அந்த இடைவெளி இல்லை, குறுக்கே வந்தது கார். இதைத்தான் நான் வாதாடுவேன்.

பிரேக் விஷயம்: நீங்கள் சொல்வது அர்த்தமுள்ள வாதம், மூன்றில் நான் பயப்படுவது அதற்கு மட்டும்தான். பைக் நிற்க வேண்டிய தூரம் கூடியது என்று எம்விஐ சொல்லட்டும், அல்லது காரில் இருந்தவர் கூண்டில் ஏறிச் சொல்லட்டும். பாரம் கூடினால் பிரேக் பிடிக்காது என்பது பொது அறிவு. ஆனால் முப்பதடியில் கார் குறுக்கே வந்தால் ஒருவர் ஓட்டினாலும் நிற்காது என்பதும் பொது அறிவுதான். அதனால் எவ்வளவு தூரத்தில் கார் திரும்பியது என்பதுதான் இந்தக் கேஸ்.

பிரீமியம் பற்றிய கவலை நியாயம். ஆனால் விபத்துக்குத் தொடர்பே இல்லாத மீறலுக்காகப் பிடித்த பணம் சாலை ஒழுங்குக்குப் போகாது, கம்பெனியின் கணக்கில்தான் நிற்கும்.

சான்ஹோசே

இங்கே கலிபோர்னியாவில் இதே கேள்வி எதிர்த்திசையில் இருந்து ஆரம்பிக்கும், அதனால் சும்மா ஒப்பிட்டுப் பார்க்க எழுதுகிறேன், கேஸுக்கு உதவாது.

இங்கே "நெக்லிஜென்ஸ் பெர் சே" என்று ஒன்று. சாட்சியச் சட்டத்தின் 669-வது பிரிவு. சட்டத்தை மீறினாலே அஜாக்கிரதை என்று முதலில் வைத்துக்கொள்வார்கள், அதற்கு நாலு படி: சட்டம் மீறப்பட்டதா, அந்த மீறலால்தான் காயமா, அந்தச் சட்டம் தடுக்க நினைத்த வகை விபத்துதானா, காயப்பட்டவர் அந்தச் சட்டம் காப்பாற்ற நினைத்த ஆட்களில் ஒருவரா. சிவப்பு விளக்கில் போய் இடித்தால் நாலும் டக்கென்று பொருந்தும். சட்டத்தை மதிக்கிற எவரும் அந்த நிலைமையில் அப்படித்தான் செய்திருப்பார் என்று காட்டினால் தப்பிக்கலாம்.

நியூயார்க்கில் 1920-இல் ஒரு வழக்கு, இங்கே சட்டம் படிக்கிற எல்லாரும் படிப்பது. இருட்டில் விளக்கில்லாத குதிரை வண்டி, வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி வந்த மோட்டார் கார். விளக்கில்லாததைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் எடுத்துக்கொள்ளாததும் ஜூரியின் இஷ்டம் இல்லை, காரணமில்லாமல் விளக்கு வைக்காதது அஜாக்கிரதையேதான் என்று எழுதினார் நீதிபதி கார்டோசோ. ஆனால் அதே தீர்ப்பில், அந்த அஜாக்கிரதைதான் விபத்துக்குக் காரணமா என்பது தனிக் கேள்வி என்றும் சொல்கிறார். நைட்ஷிப்டின் லாரிக் கதையைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

லைசென்ஸுக்கும் ஒன்று இருக்கிறது, 1926, அதுவும் நியூயார்க். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்த கைரோபிராக்டர், நோயாளிக்குப் பக்கவாதம். லைசென்ஸ் இல்லாதது மட்டும் போதாது, வைத்தியம் மோசமாகச் செய்தார் என்று காட்டு என்றார்கள். கருப்புக்கோட்டு சொன்ன 2008 விஷயமும் ஏறக்குறைய இதேதான் இல்லையா.

ஆனால் எதிர்க்கட்சிக்குப் பிடித்த சட்டமும் இங்கே உண்டு. 1996-இல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 213-வது முன்மொழிவு: தன் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர், எதிராளி மேல் நூறு சதவீதத் தப்பு இருந்தாலும், வலி வேதனைக்கு என்று ஒரு டாலர் கேட்க முடியாது. ஆஸ்பத்திரிச் செலவு, சம்பள இழப்பு போன்ற பண இழப்பு மட்டும்தான். எதிராளி குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை வாங்கியிருந்தால் விலக்கு. இங்கே காரண காரியத்தை யாரும் கேட்பதில்லை, நேரடித் தண்டனைதான். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஓவர்லாக்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எதிர்க்கட்சி அண்ணா, நீங்கள் சொன்னதில் கோபம் ஒன்றும் இல்லை, தம்பியை நானும் நன்றாகத் திட்டிவிட்டேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, போலீஸ் ரஃப் ஸ்கெட்ச் வாங்கினேன். அதில் பைக் ரோட்டின் நடுப்பக்கம் கிடப்பது போல வரைந்திருக்கிறது. இதை வைத்து "நடுரோட்டில் ஓட்டினான்" என்று சொல்வார்களா? இன்னொன்று, பின்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கும் தனியாக கேஸ் போடலாமா, தம்பி மேல் பிடித்தால் அவனுக்கும் பிடிப்பார்களா?

கருப்புக்கோட்டு

ஸ்கெட்ச்: இடித்த பிறகு வண்டி எங்கே போய் விழுந்தது என்பதுதான் அது. இடிக்கும் முன் எங்கே வந்தது என்பதற்கு அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எஃப்ஐஆருக்கும் அதே மரியாதைதான். நம்ம ஊர் எஃப்ஐஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி அச்சடித்தது போல வரும். நின்றுகொண்டிருந்த லாரி மேல் போட்ட ஒன்றிலும் அதே வரியைப் படித்திருக்கிறேன். சாதகமாக இருந்தாலும் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

பின்னால் இருந்த பையன் தனி மனுவே போட வேண்டும். அவன் வண்டி ஓட்டவில்லை. தம்பி மேல் 20, 30 என்று பிரித்தாலும் அவன் முழுத்தொகையையும் காரின் கம்பெனியிடமே கேட்கலாம், 2015-இலிருந்து சட்டம் தெளிவு. கம்பெனி வேண்டுமானால் பிறகு உங்கள் தம்பியிடம் அவன் பங்கைக் கேட்டு வரும், இது ஞாபகம் இருக்கட்டும்.

காலில் இத்தனை சதவீத ஊனம் என்று மெடிக்கல் போர்டு ஒரு எண் கொடுக்கும். அதை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது, அவன் செய்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பது 2011-இலிருந்து இருக்கிற விதி. ஓவர்லாக் மெஷினை எந்தக் கால் எப்படி மிதிக்கிறது என்பதை கம்பெனி சூப்பர்வைசரை வைத்துச் சாட்சி சொல்ல வையுங்கள். பெடல் படம்கூடக் கொடுக்கலாம். ட்ரிபிள்ஸ் சண்டையில் போகிற பத்து சதவீதத்தைவிட இதில் வருகிற வித்தியாசம் பெரிது, ஆனால் எல்லாரும் அந்தப் பத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறோம்.

தப்பு யார் மேல் என்றே பேசாமல் வாங்குகிற வழி ஒன்றும் இருக்கிறது, மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவு, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். வாங்கினால் மற்ற மனு போய்விடும். பிளேட் வைத்த 22 வயதுக்காரனுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கெடு: 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஒன்றரை மாதம் போய்விட்டது, இழுக்க வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊர் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

அப்புறம் ஒன்று, நாளைக்கே செய்யுங்கள். அந்த மீடியன் இடைவெளியை, தம்பி வந்த திசையில் நின்று, ராத்திரி அதே நேரத்துக்குப் போட்டோ எடுங்கள். பக்கத்துக் கடைகளில் கேமரா இருந்தால் பதிவு அழிந்துபோகும் முன் கேளுங்கள்.

ஓவர்லாக்

போய் வந்தேன் சார். பேக்கரிக்காரர் கேமராவில் 30 நாள்தான் நிற்குமாம், போய்விட்டது. ஆனால் இடைவெளிக்கு முன்னால் "யு-டர்ன் கூடாது" என்று போர்டு ஒன்று இருக்கிறது, ஒரு ஃபிளெக்ஸ் பேனர் பாதியை மறைத்திருக்கிறது. போலீஸ் ஸ்கெட்சில் அந்த போர்டும் இல்லை, இடைவெளியும் இல்லை. தம்பி விழுந்த இடத்திலிருந்து அடியால் அளந்து பார்த்தேன், இடைவெளி வரைக்கும் பதினோரு அடிகூட வரவில்லை.

எதிர்க்கட்சி

அந்த போர்டைப் பேனரோடு சேர்த்துப் படம் எடுங்கள் தம்பி. பேனர் மறைத்ததால் தெரியவில்லை என்றுதான் கார்க்காரர் சொல்வார். எந்த உயரத்தில் எவ்வளவு மறைக்கிறது என்று தெரிகிற மாதிரி, காரில் உட்கார்ந்தபடி ஒன்று எடுங்கள்.

கருப்புக்கோட்டு

எதிர்க்கட்சி நம்ம பக்கம் வந்துவிட்டார் 😀 அவர் சொன்னபடியே எடுங்கள். கார் வந்த திசையில் இருந்து ஒன்று, தம்பி வந்த திசையில் இருந்து ஒன்று. பேனரை யாராவது கழற்றும் முன்.